டி.வி.டி பிளேயர் வாங்குமுன் தட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாட்களிலும், வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் லீவில் வீட்டுக்கு வரும் நாட்களிலும் எமது நலன்புரி அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான முறைப்பாடு ஒன்று வருவதுண்டு. "சீடி புதுசுதாங்க, பிளேயரும் புதுசுதாங்க, ஆனா படம் ஓடுதில்ல." இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்களில் பாதிப்பேர் கடைக்காரர் ஏமாற்றி விட்டார் என்று நினைக்கிறார்கள். மீதிப்பேர் தட்டு கெட்டுப்போய் விட்டது என்று நினைக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் பல தடவைகளில் தட்டிலும் பழுதில்லை, பிளேயரிலும் பழுதில்லை. தட்டு ஒரு நாட்டுக்கென்று செய்யப்பட்டது, பிளேயர் இன்னொரு நாட்டுக்கென்று செய்யப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இதைத் தெரியாமல் சிலர் இரண்டாவது பிளேயரும் வாங்கி விடுகிறார்கள். பல நாள் பேர்க்காசு வீணாகப் போகிற விசயம் என்பதால், இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறோம். இது கைத்தொலைபேசியிலேயே படம் பார்க்கும் காலம். உங்கள் லயத்தில் சிக்னல் நன்றாக இருந்து, வீட்டில் தட்டுகள் ஒன்றும் இல்லை என்றால், படம் பார்ப்பதற்காக மட்டும் இன்றைக்குப் பிளேயர் வாங்கத் தேவையில்லை. அந்தக் காசைப் பிள்ளைகளின் கொப்பி புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லா வீடும் அப்படியில்லை. மலைக்குப் பின்னால் இருக்கும் டிவிசன்களில் போன் பேசுவதற்கே மேட்டில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. அதைவிட, நம் வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கும் தட்டுகள் சாதாரணமானவை அல்ல. கலியாணம், சடங்கு, கோயில் திருவிழா, இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர் அனுப்பிய காதுகுத்து, காலமாகிப் போன தாத்தா கடைசியாக நடமாடிய காட்சி என்று எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இவற்றை எந்த இன்டர்நெட்டிலும் தேடி எடுக்க முடியாது. அத்தகைய வீடுகளுக்கு ஒரு நல்ல பிளேயர் இன்னும் தேவைதான்.

உலகத்தை ஆறாகப் பிரித்த கதை

டி.வி.டி முதன்முதலாக 1996ஆம் ஆண்டு ஜப்பானிலும், 1997இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அது வரும்போதே அமெரிக்கப் படக் கம்பனிகள் ஒரு நிபந்தனை போட்டன. அந்தக் காலத்தில் ஒரு படம் அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடி முடிந்து பல மாதம் சென்ற பிறகே மற்ற நாடுகளின் தியேட்டர்களுக்குப் போகும். அதற்குள் அமெரிக்காவில் அதே படத்தின் தட்டு கடைக்கு வந்துவிடும். அந்தத் தட்டு இங்கிலாந்துக்கோ ஜப்பானுக்கோ போய்ச் சேர்ந்தால் அங்கே யார் தியேட்டருக்குப் போவார்கள்? இது கம்பனிகளின் பயம். இன்னொன்று விலை. ஒரே படத்தை ஒரு நாட்டில் கூடிய விலைக்கும் இன்னொரு நாட்டில் குறைந்த விலைக்கும் விற்க வேண்டுமானால், மலிவான தட்டு விலை கூடிய நாட்டுக்குள் போகாமல் வேலி போட வேண்டும். அந்த வேலிதான் 'ரீஜன் கோட்' என்பது. தமிழில் வலய எண் என்று சொல்லலாம்.

உலகத்தை ஆறு வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் அது எந்த வலயத்துக்கு உரியது என்று ஓர் எண்ணைப் பதித்தார்கள். ஒவ்வொரு பிளேயருக்குள்ளும் அதேபோல ஓர் எண்ணை வைத்தார்கள். தட்டை உள்ளே தள்ளியவுடன் பிளேயர் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். இரண்டும் பொருந்தினால் படம் ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும். நம் செக்றோல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பக்கத்துத் தோட்டத்து ஆள் நல்ல வேலைக்காரராக இருக்கலாம், கொழுந்தும் நன்றாக எடுப்பார். ஆனால் நம் தோட்டத்துப் புத்தகத்தில் அவருடைய பெயர் இல்லை என்றால் கணக்கப்பிள்ளை பேர் போட மாட்டார். ஆளில் குறையில்லை, புத்தகத்தில்தான் இல்லை. தட்டின் கதையும் இதுதான்.

இனி எந்த நாடு எந்த வலயம் என்பதைப் பார்ப்போம். நமக்குச் சொந்தக்காரர் இருக்கும் நாடுகளை மட்டும் சொல்கிறோம், மற்றவை நமக்கு எதற்கு? இலங்கையும் இந்தியாவும் ஒரே வலயம்தான், 5. இது நமக்கு வாய்த்த நல்ல காரியம். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்க் குடியேறிய நம் உறவினர்கள் அங்கே கடையில் வாங்கி அனுப்பும் தட்டு, இங்கே விற்கும் சாதாரண பிளேயரிலும் ஓடும். பாகிஸ்தான், பங்களாதேசம், நேபாளம், ரசியா, ஆபிரிக்காவின் பெரும்பகுதி ஆகியனவும் 5இல் அடங்கும். சவூதி, குவைத், கட்டார், டுபாய், லெபனான் முதலிய மத்திய கிழக்கு நாடுகள் 2. நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீட்டு வேலைக்குப் போயிருப்பது இந்த வலயத்துக்குத்தான். இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி ஆகியவையும் 2. ஜப்பானும் அதே 2. மலேசியா, சிங்கப்பூர் 3. அவுஸ்திரேலியா 4. கனடாவும் அமெரிக்காவும் 1. சீனாவுக்குத் தனியாக 6. ஆகாய விமானத்திலும் கப்பலிலும் காட்டும் படங்களுக்கென்று 8 என்ற எண்ணைக்கூட ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகாயத்துக்கும் ஒரு செக்றோல் வைத்தவர்களை என்னவென்று சொல்வது!

எண்ணை எங்கே பார்ப்பது?

தட்டின் உறையைத் திருப்பிப் பின்பக்கத்தின் கீழ் மூலையில் பாருங்கள். பூமி உருண்டை போலச் சிறிய படம் ஒன்று இருக்கும். அதன் நடுவே உள்ள எண்தான் வலய எண். சில தட்டுகளில் 2, 4 என்றோ 3, 5 என்றோ இரண்டு மூன்று எண்கள் சேர்ந்தே இருக்கும். அப்படியானால் அந்த வலயங்கள் எல்லாவற்றிலும் ஓடும். எண்ணுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் 'ஆல்' என்றோ 0 என்றோ போட்டிருந்தால் அதற்கு வேலியே இல்லை, எந்தப் பிளேயரிலும் போடலாம். வெளிநாட்டிலுள்ள தமிழருக்கென்று வெளியான தமிழ்ப் படத் தட்டுகள் பல இப்படி 'ஆல்' என்று வந்தவைதான். வாங்கும் ஆள் கனடாவில் இருப்பாரா, பாரிசில் இருப்பாரா என்று கம்பனிக்குத் தெரியாதல்லவா?

சில வகைத் தட்டுகளுக்கு எண் என்ற பேச்சே கிடையாது. பாட்டு சீடிக்கு இல்லை. 1993இல் வந்த வீ.சி.டி வகைக்கும் இல்லை. ஒரு படத்தை இரண்டு மூன்று தட்டாகப் பிரித்து விற்றார்களே, இடைவேளைக்கு எழும்பித் தட்டு மாற்றுவோமே, அவைதான் வீ.சி.டி. ஒரு தட்டில் 74 நிமிடம் அல்லது சற்றுக் கூடவே கொள்ளும், அதனால்தான் அந்த அவதி. அதேபோல ஸ்டூடியோக்காரர் எடுத்துப் பதிந்து தரும் கலியாண வீடியோவுக்கும் வலய எண் கிடையாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கலியாணத் தட்டு ஓடாவிட்டால் "இது வேற நாட்டு சீடி, ரீஜன் சரியில்ல" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே காரணம் வேறு. அந்தக் காரணத்துக்குக் கீழே வருகிறோம்.

பிளேயர் திரையில் என்ன எழுதிக் காட்டுகிறது என்பதையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'ரீஜன்' என்ற சொல் அதில் வந்தால் வலயப் பிரச்சினை. 'நோ டிஸ்க்' என்றோ 'பேட் டிஸ்க்' என்றோ வந்தால் தட்டில் கீறல் இருக்கலாம், அழுக்கு இருக்கலாம், தலைகீழாகப் போட்டிருக்கலாம், அல்லது பிளேயரின் உள்ளே இருக்கும் லென்ஸ் மங்கியிருக்கலாம். நம் லயங்களில் அடுப்புப் புகையும் குளிர்காலத்து ஈரமும் லென்சுக்குப் பரம எதிரி. அடுப்படிச் சுவரோடு பிளேயரை வைத்திருப்பவர்கள் இடத்தை மாற்றுவது நல்லது.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. கட்டாரில் வேலை செய்த மகன் லீவில் வரும்போது நல்ல பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்து தாய்க்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மா ஆசையாக வைத்திருந்தது, யாரோ சென்னையிலிருந்து வாங்கி வந்து கொடுத்த சாமி படத் தட்டு. போட்டால் ஓடவில்லை. மகன் அனுப்பிய மற்றப் படங்களெல்லாம் ஓடின. சாமி படம் மட்டும் ஓடாததை அந்த அம்மா ஏதோ குற்றம் குறை என்று எடுத்துக்கொண்டு கோயிலில் நேர்த்தியும் வைத்துவிட்டார். உறையைத் திருப்பிப் பார்த்தபோது உருண்டைக்குள் 5 என்று இருந்தது. பிளேயரின் அடிப்பக்கத்தில் 2 என்று இருந்தது. சாமியில் ஒரு குறையும் இல்லை. பிளேயரின் எண்ணை மாற்றிய அன்றே படம் ஓடியது. எப்படி மாற்றுவது என்பதைப் பிறகு சொல்கிறோம்.

கலர் வராமல் படம் உருளுவது ஏன்?

ரீஜன் எண்ணைப் போலவே இன்னொரு வேலியும் உண்டு. ஆனால் இது யாரும் வேண்டுமென்று போட்டதல்ல, பழைய காலத்திலிருந்து வந்தது. தொலைக்காட்சி வளர்ந்த காலத்தில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு முறையில் படத்தை அனுப்பினார்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகள் எடுத்துக்கொண்டது என்.டி.எஸ்.சி. என்ற முறை. இலங்கை, இந்தியா, இங்கிலாந்து, மலேசியா போன்ற நாடுகள் எடுத்துக்கொண்டது பீ.ஏ.எல். முறை. கடைக்காரர்கள் இதைப் 'பால்' என்பார்கள். குடிக்கிற பால் அல்ல. பால் முறையில் ஒரு படம் 625 கோடுகளால் ஆனது, என்.டி.எஸ்.சி.யில் 525 கோடுகள். படங்கள் மாறும் வேகமும் வேறு. பால் முறை மட்டும் தெரிந்த பழைய பெட்டியில் மற்ற முறைப் படத்தைக் காட்டினால் கலர் வராது, அல்லது படம் மேலே மேலே உருண்டுகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் என்னவென்றால், வலய எண் பொருந்தினாலும் முறை பொருந்தாமல் போகலாம். தமிழ்ப் படத் தட்டுகளில் பல, 'ஆல்' என்று போட்டிருந்தாலும் என்.டி.எஸ்.சி. முறையில் பதியப்பட்டவை. கனடாவிலிருந்து வரும் கலியாணத் தட்டுக்கு வலய எண் இல்லை, ஆனால் அதுவும் என்.டி.எஸ்.சி.தான்.

1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நம் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். அப்படிப் போன ஒரு குடும்பத்தின் பேத்தி பின்னர் கனடாவுக்குப் போய் அங்கே கலியாணம் கட்டினார். தட்டு இங்கே தோட்டத்தில் இருக்கும் அம்மாயிக்கு வந்து சேர்ந்தது. மகனை விட்டுப் பிரிந்து எத்தனையோ வருடம், பேத்தியைக் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி. லயத்திலுள்ள அத்தனை பேரும் வந்து உட்கார்ந்து தட்டைப் போட்டால் கறுப்பு வெள்ளையில் கோடு கோடாக ஏதோ உருண்டது. மாப்பிள்ளை எது, ஐயர் எது என்று தெரியவில்லை. டவுனிலுள்ள ஒரு கடையில் கேட்டதற்கு, இந்தப் பிளேயரில் வெளிநாட்டு சீடி ஓடாது, புதிது வாங்கு என்று சொல்லி விலையும் சொல்லியிருக்கிறார்கள். அம்மாயி காதில் கிடந்த தோட்டை அடகு வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டுத்தான் நாம் போய்ப் பார்த்தோம்.

பிளேயர் நல்ல பிளேயர். ரிமோட்டில் 'செட்டப்' என்ற பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு பட்டியல் வரும். அதில் 'டி.வி சிஸ்டம்' அல்லது 'டி.வி டைப்' என்ற இடத்தில் மூன்று தெரிவுகள் இருக்கும், 'பால்', 'என்.டி.எஸ்.சி', 'ஆட்டோ' அல்லது 'மல்டி' என்று. அந்தப் பிளேயரில் அது 'ஆட்டோ'வில் இருந்தது. அதாவது தட்டில் எந்த முறை இருக்கிறதோ அதையே அப்படியே பெட்டிக்கு அனுப்பிவிடும். புதிய பெட்டிகளுக்கு அது சரி, ஏனென்றால் அவற்றுக்கு இரண்டு முறையும் தெரியும். பழைய பெரிய பெட்டிக்கு அது தெரியாது. 'பால்' என்று மாற்றியவுடன் பிளேயரே படத்தை நம் முறைக்கு மாற்றி அனுப்பத் தொடங்கியது. ஐந்து நிமிட வேலை. பேத்தியின் கூறைச்சேலை மெரூன் கலர் என்பது அம்மாயிக்கு அன்றுதான் தெரிந்தது. தோடும் காதிலேயே இருந்தது.

எல்லாப் பிளேயரும் இப்படி முறையை மாற்றித் தராது. ஆகவே வாங்கும்போது வலய எண்ணைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல், என்.டி.எஸ்.சி. தட்டைப் பால் முறையில் காட்டுமா என்றும் கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

கடைக்குப் போகும்போது

எங்கள் அனுபவத்தில் சிறந்த வழி, கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் வீட்டுத் தட்டுகளையே பையில் போட்டுக்கொண்டு போவது. உங்களிடம் இருப்பவற்றில் ஆகவும் சங்கடம் தரும் மூன்றை எடுங்கள். ஒன்று வெளிநாட்டு எண் உள்ள படம், ஒன்று கலியாணத் தட்டு, ஒன்று பழைய வீ.சி.டி. மூன்றையும் கடையிலேயே போட்டுப் பார்த்து, மூன்றும் கலரில் ஓடினால் காசைக் கொடுங்கள். பெட்டியை உடைக்க மாட்டேன், வீட்டில் போய்ப் பாருங்கள் என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம். வாங்குபவர் வெட்கப்படத் தேவையில்லை. டவுனுக்கு ஒரு தரம் இறங்கி வருவதற்கே பஸ் காசும் ஒரு நாள் பேரும் போகிறது. மறுபடி மறுபடி வந்து மாற்றிக்கொண்டிருக்க நமக்கு முடியுமா?

கடைக்காரர் 'மல்டி ரீஜன்' என்று சொன்னால் அதன் பொருள் எல்லா வலயத் தட்டும் ஓடும் என்பது. 'ரீஜன் பிரீ' என்பதும் அதேதான். ஆனால் பெட்டியின் வெளியே எழுதியிருப்பதை விடப் பிளேயரின் பின்பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் சிறிய லேபலைப் பார்ப்பது நல்லது. அங்கும் அதே உருண்டைப் படம் இருக்கும். அதில் 5 மட்டும் இருந்தால், கடைக்காரர் எண்ணை மாற்றித் தருவதாகச் சொன்னாலும், மாற்றி ஓட்டிக் காட்டிய பிறகே வாங்குங்கள்.

எண்ணை மாற்றுவது பெரிய மந்திரம் அல்ல. விலை குறைந்த பல பிளேயர்களில் தட்டு வைக்கும் தட்டத்தை வெளியே திறந்து வைத்துக்கொண்டு, ரிமோட்டில் குறிப்பிட்ட சில எண்களை வரிசையாக அழுத்தினால் மறைந்திருக்கும் பட்டியல் ஒன்று திரையில் வரும். அதில் வலய எண்ணை 0 என்று மாற்றிவிட்டு மூடினால் சரி. இந்த இலக்க வரிசை மொடலுக்கு மொடல் வேறுபடும். அதனால் ஒருவர் பிளேயருக்குச் சரியாக வந்ததை மற்றவர் தன் பிளேயரில் அழுத்திப் பயனில்லை. மொடல் எண்ணை எழுதிக்கொண்டு வந்தால், இன்டர்நெட் தெரிந்த நம் வாலிபர் யாராவது தேடித் தருவார்கள். பெயர் பெற்ற சில கம்பனிகளின் பிளேயர்களில் இந்த வழி செல்லாது. அவற்றைத் திறந்து உள்ளே வேலை பார்க்க வேண்டும், அப்படித் திறந்தால் உத்தரவாதமும் போய்விடும். ஆகவே எங்கள் அபிப்பிராயம், பல நாட்டுத் தட்டு வைத்திருக்கும் வீட்டுக்குப் பெரிய பெயருள்ள பிளேயரை விட எண்ணை மாற்றக்கூடிய சாதாரண பிளேயரே மேல். ரிமோட்டில் செய்யும் இந்த வேலைக்குக் காசு கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். ஆயிரக்கணக்கில் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

கனடா, அமெரிக்காத் தட்டுகள் அதிகம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 0 என்று மாற்றிய பிளேயர்களைப் பிடிப்பதற்காக, 2000ஆம் ஆண்டளவில் சில அமெரிக்கக் கம்பனிகள் தங்கள் தட்டுகளில் இன்னொரு சோதனையையும் சேர்த்தன. அத்தகைய தட்டு 0 உள்ள பிளேயரில் நின்றுவிடும். அப்போது 0க்குப் பதிலாக 1 என்று மாற்றினால் ஓடும். எனவே நினைத்த நேரம் நினைத்த எண்ணுக்கு மாற்றக்கூடிய பிளேயர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

லப்டொப் கணினியில் தட்டுப் போடும் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும். கணினியின் டி.வி.டி டிரைவில் வலய எண்ணை ஐந்து தடவை மட்டுமே மாற்ற முடியும். அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். "மாற்றவா?" என்று கேட்கும்போதெல்லாம் விளையாட்டுக்கு அழுத்திவிட்டால், ஆறாவது தடவை வழியில்லை.

வெளிநாட்டிலிருந்து பிளேயர் கொண்டுவருவோர்

லீவில் வரும்போது பிளேயர் கொண்டுவர நினைப்பவர்கள் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே கரண்டைப் பார்க்க வேண்டும். எண் பொருந்தாவிட்டால் படம்தான் ஓடாது. கரண்ட் பொருந்தாவிட்டால் பிளேயரே புகைந்துவிடும். இலங்கையில் 230 வோல்ட். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120, ஜப்பானில் 100. சவூதியிலும் முன்பு பல இடங்களில் 127 வோல்ட்தான் இருந்தது. பிளேயரின் பின்பக்க லேபலில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை, பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 110 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் கொண்டுவர வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கென்று தனி டிரான்ஸ்போமர் வாங்கும் செலவில் இங்கேயே ஒரு பிளேயர் வாங்கிவிடலாம்.

வீட்டிலுள்ள பெட்டியின் பின்னால் என்ன துவாரங்கள் இருக்கின்றன என்பதையும் முதலே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துவாரம் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. புதிய தட்டைப் பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான துவாரம் உண்டு, சிலவற்றில் மூன்று வட்டமும் இல்லை. இரண்டு வகையும் உள்ள பிளேயரை எடுத்தால், நாளைக்குப் பெட்டியை மாற்றினாலும் பிளேயரை மாற்ற வேண்டி வராது.

புளூ ரே என்ற வகையும் உண்டு, படம் இன்னும் தெளிவாக இருக்கும். அதற்கு எண்ணுக்குப் பதில் ஏ, பி, சி என்று மூன்றே வலயம். நாமும் இந்தியாவும் சி, மத்திய கிழக்கு பி, மலேசியாவும் கனடாவும் ஏ. புளூ ரே பிளேயரில் டி.வி.டி.யும் ஓடும், ஆனால் டி.வி.டி.க்கு அதன் பழைய எண் வேலி அப்படியே இருக்கும். பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தெளிவு தெரியப்போவதில்லை. எங்களைக் கேட்டால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

கலியாணத் தட்டுகளைப் பற்றி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் படத் தட்டு அச்சில் வார்த்தது, ஸ்டூடியோக்காரர் தரும் தட்டு அப்படியல்ல. அதில் பூசியிருக்கும் சாயத்தின் மேல் ஒளியால் பதிந்து தருகிறார்கள். வெயில் பட்டாலும் ஈரம் பட்டாலும் வருடக் கணக்கில் அந்தச் சாயம் மங்கும். ஒரு காலத்தில் நன்றாக ஓடிய தட்டு இன்று நடுவில் நின்று நின்று ஓடினால், அநேகமாகக் காரணம் கீறல் அல்லது இந்தச் சாயம்தான். சில தட்டுகள் எடுத்தவரின் மெசினில் மட்டும் ஓடி, வேறெங்கும் ஓடாது. பதிந்து முடித்த பிறகு தட்டைப் 'பைனலைஸ்' செய்ய வேண்டும், அதாவது முடித்துப் பூட்ட வேண்டும், அதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள். புதிதாகக் கலியாண வீடியோ வாங்கும்போது ஸ்டூடியோவுக்கு வெளியே இன்னொரு பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டு மீதிக் காசைக் கொடுங்கள்.

இருக்கும் தட்டுகளை இப்போதே யூ.எஸ்.பி. பென் ஒன்றில் பிரதி எடுத்து வையுங்கள். சொந்த வீட்டு நிகழ்ச்சித் தட்டுக்குப் பூட்டு எதுவும் இல்லாததால், டி.வி.டி டிரைவ் உள்ள எந்தக் கணினியிலும் பிரதி எடுக்கலாம். யூ.எஸ்.பி. துவாரம் உள்ள பிளேயராக வாங்கினால் அந்தப் பிரதியையும் அதிலேயே பார்க்கலாம். ஆனால் பென்னில் இருக்கும் படத்தின் வகையைப் பிளேயர் வாசிக்குமா என்பதையும் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும், சில பிளேயர்கள் பாட்டை மட்டும் வாசித்துவிட்டுப் படத்தைத் தொடாது. தட்டுகளை உறையில் போட்டு, புத்தகம் அடுக்குவதுபோல நிமிர்த்தி வையுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லிய துணியால் துடையுங்கள்.

பழைய பிளேயர் வாங்குவோர், தட்டைப் போட்டு முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். தட்டு உள்ளிருந்து வெளியே என்றுதான் வாசிக்கப்படும். லென்ஸ் களைத்துப்போன பிளேயர்கள் ஆரம்பத்தை நன்றாக ஓட்டிவிட்டு, படத்தின் கடைசிப் பகுதியில் தடுமாறும். ரிமோட்டில் முன்னே தள்ளிக் கடைசி அரை மணி நேரத்தையும் பாருங்கள். அந்த ரிமோட் பிளேயரோடு வந்ததுதானா என்றும் பாருங்கள், பொது ரிமோட்டில் செட்டப் பொத்தான் வேலை செய்யாமல் போகலாம். ரசீதில் மொடல் எண்ணையும், எல்லா வலயத் தட்டும் ஓடும் என்று கடைக்காரர் சொன்னதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொன்ன சொல்லை விட எழுதிய எழுத்துக்குத்தான் திரும்பிப் போகும்போது மரியாதை.

சித்திரை மாதத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரங்களில் நம் மலைகளில் இடி மின்னல் அதிகம். அந்த நேரத்தில் பிளேயரை ஓப் பண்ணினால் மட்டும் போதாது, பிளக்கையும் கழற்றி, அன்டனா வயரையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தட்டின் உறையில் இருக்கும் அடையாளம் விளங்காதவர்களும், கலர் வராத பிளேயர் வைத்திருப்பவர்களும் எமது அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால் பார்த்துச் சொல்வோம். பிரட்டுக்கு முன்னால் வராமல், பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு வருவது வசதி. வரும்போது ரிமோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.